தோலும் குரோஷாவும் சேர்ந்த கைவினை நகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷா தெரிந்த கைக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி தோலைப் பற்றியது. நூலைப் பிரித்துத் திரும்பப் போடலாம், ஆனால் தோலில் விழுந்த துளையை மூட முடியாது. அதனால் யோசிக்க வேண்டியதையெல்லாம் துளை போடுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். கீழே உள்ளவை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டிலிருந்தே இதைச் செய்ய நினைப்பவர்களுக்கான பதில்கள்.

நகைக்கு எந்தத் தோல் சரி?

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று மரப்பட்டை, காய் போன்றவற்றின் சாற்றில் பதனிட்டது. இன்னொன்று குரோமியம் உப்பில் பதனிட்டது. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், வெட்டிய ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், துளையின் விளிம்பு சீக்கிரம் இளகாது. காதணி, பதக்கம், கை வளையம் மூன்றுக்கும் இதுதான் ஏற்றது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், நிறங்கள் நிறையக் கிடைக்கும், தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகக் கறை பிடிக்காது. ஆனால் ஓரம் பளபளப்பாகாது. சில சமயம் வெட்டிய இடத்தில் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரியும். குரோம் தோல் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நம் பக்கத்துத் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் தென்னிந்தியத் தோல் பதனீட்டில் நெடுங்காலம் பயன்பட்டது. பிறகு வேல மர இனமான வாட்டிலின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று ‘வெஜ் டான்’ (தாவரச் சாற்றில் பதனிட்டது) என்று கேட்டால் கடைக்காரர் சரியானதை எடுத்துத் தருவார்.

தடிமன்தான் அடுத்த கேள்வி. காதணிக்கு 1.0 முதல் 1.4 மி.மீ., பதக்கத்துக்கு 1.5 முதல் 2 மி.மீ., கை வளையத்துக்கு 2 மி.மீ. எடுங்கள். 0.8 மி.மீ.க்குக் குறைந்த ஆட்டுத்தோல், நூல் இழுக்கும் பக்கமெல்லாம் போகும். அதுதான் கையில் இருக்கிறதென்றால் இரண்டு துண்டுகளைப் பின்பக்கத்தோடு பின்பக்கமாக ஒட்டி, காய்ந்த பிறகு வெட்டுங்கள். விலங்கின் வயிற்றுப் பகுதித் தோலும் இழுபடும். முதுகுப் பகுதியாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்கிருந்து தோல் வாங்க எங்கே போவது?

வாணியம்பாடியும் ஆம்பூரும் நமக்கு மிக அருகில். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், நாட்றம்பள்ளி வழியாகச் சென்னை நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் மொரப்பூரில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டைக்கு அடுத்து வாணியம்பாடி, பிறகு ஆம்பூர். அங்கே ஷூ, பை தயாரிப்பில் மிஞ்சும் துண்டுகள் எடைக் கணக்கில் விற்கப்படுகின்றன. நகைக்கு உள்ளங்கை அளவுத் துண்டே போதும் என்பதால் முழுத் தோல் வாங்கத் தேவையில்லை. சென்னைக்குப் போனால் பெரியமேடு.

முழுத் தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகும். ஒரு சதுர அடியை 4 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 49 வட்டங்கள் கிடைக்கும். தழும்பு, உண்ணிக்கடித் தடம் எல்லாம் ஒதுக்கினால் நாற்பதாகக் குறையலாம். எடைக்கு வாங்கும்போது மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே ரெக்சின் கலந்திருக்கும்.

ரெக்சின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் செய்தால் என்ன?

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலில் நார்கள் மேலிருந்து கீழ்வரை பின்னிக் கிடக்கும். ரெக்சினில் மேலே ஒரு பிளாஸ்டிக் ஏடும் கீழே துணியும் தனித்தனியாகத் தெரியும். ஓரத்தில் சீவிய துகளை நெருப்பில் காட்டினால் தோல் முடி கருகும் வாடை அடிக்கும், ரெக்சின் உருகும். ரெக்சினில் துளை போட்டுக் குரோஷா இழுத்தால் துளைக்குத் துளை கிழிந்துகொண்டு போகும். கொஞ்ச நாளில் மேல் ஏடும் உரியும். பழகிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலும் ஊசியும் எந்த அளவு?

மெர்சரைஸ்டு பருத்தி நூல். ஆங்கர் போன்ற குரோஷா நூல் உருண்டைகளில் 10ஆம் எண் கனம் இந்த வேலைக்குப் பொருந்தும். அதற்கு 1.25 மி.மீ. ஸ்டீல் குரோஷா ஊசி. 20ஆம் எண் நூலானால் 1.0 மி.மீ. போதும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும் என்பதை நினைவில் வையுங்கள். சட்டென்று மெழுகு நைலான் நூலுக்குத் தாவ வேண்டாம். மெல்லிய நைலான் நூலை இறுக்கி இழுத்தால் அது தோலின் ஓரத்தை அறுத்துவிடும். வியர்வை அதிகம் படும் கைவளையத்துக்கு மட்டும் 0.8 மி.மீ. மெழுகு பாலியஸ்டர் நூல் எடுக்கலாம்.

சிவப்பு, கருநீலம், பச்சை நூல்களை வாங்கியதும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை வெளிர்நிறத் தோலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

துளை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இடைவெளியில்?

எல்லாக் கோளாறும் தொடங்குகிற இடம் இதுதான். மூன்று அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: துளையின் விட்டம், ஓரத்திலிருந்து தூரம், துளைக்குத் துளை இடைவெளி.

1.25 மி.மீ. ஊசி நூலோடு சேர்ந்து உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அதற்கு 2 மி.மீ. துளை வேண்டும். ஓரத்திலிருந்து துளையின் நடுப்புள்ளிக்கு 3 மி.மீ. இதைவிடக் குறைத்தால் இழுக்கும்போது ஓரம் பிய்ந்துவிடும். கூட்டினால் நூல் நீளமாக ஏறி இறங்கிக் கோணலாகத் தெரியும். இடைவெளி 4 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

வட்டத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். 35 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே துளைக்கோடு வரையும்போது அதன் விட்டம் 29 மி.மீ., சுற்றளவு 91 மி.மீ. அதை 4ஆல் வகுத்தால் 23க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 23 எதாலும் வகுபடாது, பூவேலைக்கு ஒத்துவராது. 24 துளைகள் போடுங்கள். இடைவெளி 3.8 மி.மீ. ஆகும், பாதகமில்லை. 2, 3, 4, 6, 8 எதால் வகுத்தாலும் சரியாக வரும். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கவராயமும் கோணமானியும் எடுத்து, தாளில் 15 பாகைக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்தத் தாளைத் தோலின் மேல் டேப்பால் ஒட்டிப் புள்ளிகளைக் குத்தூசியால் லேசாகப் பதித்து, தாளை எடுத்துவிட்டுப் பஞ்ச் (துளை வெட்டும் கருவி) வையுங்கள்.

பஞ்ச் வட்டமாக வெட்டி எடுப்பதாக இருக்க வேண்டும். குத்தூசியால் கிழித்த துளை நாள்பட நாள்பட நீளும், வட்டத் துளை அப்படி நீளாது. அடியில் கெட்டியான பிளாஸ்டிக் காய்கறிப் பலகை வையுங்கள். சிமென்ட் தரையிலோ அம்மிக்கல்லிலோ வைத்து அடித்தால் பஞ்ச் கருவியின் வாய் மழுங்கிவிடும். மழுங்கிய பஞ்ச் துளையின் அடியில் நார்களை விட்டுவைக்கும், அவை ஊசியின் கொக்கியில் மாட்டி உயிரை வாங்கும்.

ஒரு ஜோடிக் காதணியை முழுதாக எப்படிச் செய்வது?

இரண்டு வட்டங்களையும் தோலின் ஒரே பகுதியில் அடுத்தடுத்து வெட்டுங்கள். இல்லையென்றால் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் வந்துவிடும். நிறம் பூசுவதானால் இப்போதே பூசி ஒரு நாள் காய விடுங்கள். ஓரத்தை 400ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, கெட்டித் துணியால் வேகமாகத் தேயுங்கள். ஓரம் கறுத்துக் கண்ணாடிபோல் மின்னும்போது ஒரு கோடு தேன்மெழுகு தடவி மறுபடி தேயுங்கள். முதுகுப் பக்கம் நார் எழும்பியிருந்தால் அங்கும் இதையே செய்யலாம். இதற்குப் பிறகுதான் துளை.

இங்கே சிங்கிள், டபுள் என்பவை அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் பழகியவர்கள் ஒரு படி மாற்றிக்கொள்ளுங்கள்: இங்கே சிங்கிள் என்பது அங்கே டபுள், இங்கே டபுள் என்பது அங்கே ட்ரெபிள்.

முதல் சுற்று: தோலின் நல்ல பக்கம் உங்களைப் பார்க்கட்டும். ஊசியை முன்னாலிருந்து ஒரு துளையில் விட்டு, பின்னால் நூலைப் பிடித்து இழுத்து, ஓரம்வரை உயர்த்துங்கள். ஒரு செயின். அதே துளையில் 2 சிங்கிள். அடுத்த ஒவ்வொரு துளையிலும் 2 சிங்கிள். சுற்றி வந்தால் 48. ஸ்லிப் போட்டு மூடுங்கள். ஆரம்பத்தில் விட்ட 10 செ.மீ. நூல் வாலைச் சிங்கிள்களுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு போனால் பின்னால் தனியாகச் செருக வேண்டியதில்லை.

இரண்டாம் சுற்று: திருப்பாமல் அதே பக்கத்தில். ஒரு கண்ணில் 1 சிங்கிள், 2 கண் விட்டு அடுத்த கண்ணில் 5 டபுள், மறுபடி 2 கண் விடுங்கள். ஆறு கண்ணுக்கு ஓர் இதழ், 48க்கு 8 இதழ்கள். ஸ்லிப் போட்டு மூடி, நூலை வெட்டி, பின்பக்கம் செருகுங்கள்.

முடிந்த காதணியின் விட்டம் ஏறக்குறைய 5 செ.மீ. ஒன்றுக்கு 3 மீட்டர் நூலுக்குள் முடியும், 4 மீட்டர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். 1.2 மி.மீ. தோலில் வட்டம் மட்டும் ஒரு கிராம் அளவுதான் இருக்கும். பெரிதாகத் தெரிந்தாலும் காதை இழுக்காது என்பதுதான் இந்த நகையின் பெரிய பலம்.

ஊசி துளைக்குள் போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. நூலும் பிரிகிறது.

கொக்கியின் வாய் தோலின் நாரில் மாட்டுகிறது. வெளியே எடுக்கும்போது ஊசியைக் கால் சுற்றுத் திருப்பி, வாயைக் கீழ்நோக்கி வைத்து, துளையின் மேல்விளிம்பை ஊசியின் முதுகால் அழுத்தியபடி இழுங்கள். அப்போதும் மாட்டினால் துளைகளைப் பின்பக்கத்திலிருந்து மறுபடி பஞ்ச் செய்யுங்கள்.

சின்னத் துளையே அழகு என்று நினைப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. 1 மி.மீ. துளை போட்டு, சாதாரணத் தையல் ஊசியால் ஓரம் முழுக்கக் காஜா தையல் போடுங்கள். ஓரத்தில் வரிசையாக நூல் பாலங்கள் நிற்கும். ஒவ்வொரு பாலத்தின் கீழும் 2 சிங்கிள் போட்டால் அதே 48 கணக்குத்தான். குரோஷா ஊசி தோலைத் தொடவே வேண்டாம். மெல்லிய ஆட்டுத்தோலுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான்.

வட்டம் கிண்ணம்போல் குழிகிறது. சில சமயம் ஓரம் அலை அலையாக வருகிறது.

குழிந்தால் கண் போதவில்லை, அல்லது துளையிலிருந்து நூலை ஓரம்வரை உயர்த்தாமல் இறுக்கிவிட்டீர்கள். துளைக்கோட்டின் சுற்றளவு 91 மி.மீ. என்றால் தோலின் ஓரம் 110 மி.மீ. அந்த வித்தியாசத்தை நிரப்பத்தான் துளைக்கு இரண்டு சிங்கிள். அலை வந்தால் கண் அதிகம், துளைக்கு மூன்று போட்டிருப்பீர்கள். முதல் சுற்று முடிந்ததும் மேசையில் வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராவிட்டால் அங்கேயே பிரித்துவிடுங்கள், இரண்டாம் சுற்று எதையும் சரிசெய்யாது.

குரோஷா ஓரம் தொங்காமல் விறைப்பாக நிற்கக் கஞ்சி போடலாமா?

அரிசிக் கஞ்சி, மைதாக் கஞ்சி இரண்டும் வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். வெள்ளை ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, சின்ன ஓவியத் தூரிகையால் நூலின் பின்பக்கம் மட்டும் தொட்டு வையுங்கள். தோலில் பட்டால் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து நிற்கும். தெர்மகோல் மேல் வைத்து, ஒவ்வொரு இதழையும் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்து நிறுத்தி இரவு முழுக்கக் காய விடுங்கள். இஸ்திரிப் பெட்டி தோலின் பக்கம் வரவே கூடாது, சூட்டில் தோல் சுருங்கும்.

பூவைத் தனியாகப் பின்னித் தோலில் தைக்கும் வடிவமானால் துவைத்தல், கஞ்சி, இஸ்திரி எல்லாவற்றையும் தைப்பதற்கு முன் முடித்துவிடுங்கள்.

காது கொக்கியை எங்கே மாட்டுவது?

ஓர் இதழின் உச்சியில் வளையத்தை நேராக மாட்டாதீர்கள். கம்பி அந்த ஒரே இழையைத் தேய்த்துத் தேய்த்து அறுத்துவிடும். வளையத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள மயிரிழை இடைவெளி வழியாக நூல் நழுவியும் போகும். இரண்டாம் சுற்றில் ஓர் இதழின் ஐந்து டபுள்களில் நடு மூன்றைப் போடும்போது, வாய் ஒட்டிய 5 மி.மீ. வளையத்தை ஊசியில் சேர்த்துப் பிடித்து அதன்மேல் சுற்றிப் பின்னிவிடுங்கள். அதில் கொக்கியை மாட்டலாம்.

மாட்டிய பிறகு காதணி முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் கொக்கிக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு வளையம் சேருங்கள். ஒரு வளையத்துக்குக் கால் சுற்று திரும்பும். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனைகளையும் முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். விரித்துத் திறந்தால் மறுபடி சரியாகச் சேராது.

தோலில் கறுப்புக் கறையும் பச்சைப் பிசினும் ஏன் வருகிறது?

இரண்டும் உலோகத்தின் வேலை. பட்டையில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரம் இருக்கும்போது இரும்பு பட்டால் இரண்டும் கலந்து நீலக் கறுப்பாகிவிடும். முலாம் தேய்ந்த மலிவு வளையம், துருப்பிடித்த குண்டூசி, ஏன், வேலை செய்யும் கத்தியே போதும். எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து பஞ்சால் தொட்டால் பெரும்பாலும் வெளுக்கும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இதே வேதிமாற்றத்தை வேண்டுமென்றே சாயமாகவும் பயன்படுத்தலாம். பழைய இரும்பு ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடிகட்டிய நீரைப் பட்டையில் பதனிட்ட தோலில் பூசினால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். நிறம் மேலே படியாமல் தோலுக்குள்ளேயே உண்டாவதால் வெள்ளை நூலில் ஒட்டாது. பூசிய பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறை துடைத்துக் காய வைத்துவிட்டு நூலைத் தொடுங்கள். குரோம் தோலில் இது வேலை செய்யாது.

பச்சைப் பிசின் பித்தளையிலும் செம்பிலும் வரும். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை உலோகத்தோடு சேர்ந்து உண்டாவது. துணியால் துடைத்தால் போய்விடும், ஆனால் திரும்ப வரும். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அணிபவருக்கு அரிப்பு வருமா?

சிலருக்கு வரும். காரணம் பெரும்பாலும் கொக்கியில் உள்ள நிக்கல். காதுக்குள் போகும் பகுதிக்கு 925 வெள்ளியோ சர்ஜிகல் ஸ்டீலோ டைட்டானியமோ தவிர வேறு வேண்டாம். நிக்கலுக்குக் கடுமையாக அரிக்கும் என்பவருக்கு டைட்டானியம். குரோம் தோலும் சிலருக்கு ஆகாது. சரியாகப் பதனிடாத தோலில் ஒவ்வாமை தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். உடலில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதி வைத்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் சோதனைச் சான்றுள்ள தோலையே வாங்குங்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய சோதனைகள் செய்கிறார்கள்.

தோல் கயிற்றின் மேல் குரோஷா போட்டுக் கழுத்து நகை செய்யலாமா?

செய்யலாம், ஆரம்பக்காரர்களுக்கு இது காதணியைவிடச் சுலபம். 3 மி.மீ. உருண்டைத் தோல் கயிறு 45 செ.மீ. எடுத்து, இரண்டு முனையிலும் 3 செ.மீ. விட்டு, நடுவில் கயிற்றை உள்ளே வைத்துச் சிங்கிள் போட்டுக்கொண்டே போங்கள். 1.5 மி.மீ. ஊசி. கோளாறு ஒன்றுதான்: கண்களின் வரிசை கயிற்றைச் சுற்றித் திருகிக்கொண்டு போகும். ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் நிறுத்தி, பின்னலை நேராகத் திருப்பி, நெருக்கித் தள்ளிவிடுங்கள். முனைகளை மூடும் உலோகத் தொப்பிக்குள் தோல் மட்டும்தான் போக வேண்டும். நூலும் சேர்ந்து போனால் பசை பிடிக்காது.

தோல் வாரையே நூலாக வைத்துப் பின்ன முடியுமா?

மென்மையான ஆட்டுத்தோலில் முடியும். 3 மி.மீ. அகல வார், 6 மி.மீ. ஊசி, செயினும் ஸ்லிப்பும் மட்டும். மற்றவை தடித்துவிடும். வார் வாங்க வேண்டாம். 10 செ.மீ. வட்டத் துண்டை வெளியோரத்திலிருந்து சுருளாக உள்நோக்கி வெட்டினால் சுமார் இரண்டரை மீட்டர் கிடைக்கும். ஈரத் துணியால் துடைத்து இழுத்துக் காய வைத்தால் சுருள் நேராகும்.

என்ன பசை?

ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, 10 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் தோலைக் கல்லாக்கும், சுற்றிலும் வெண்படலம் படியும்.

வாடிக்கையாளருக்குப் பராமரிப்பு என்ன சொல்வது?

முதல் எதிரி தேங்காயெண்ணெய். எண்ணெய் வைத்த தலைமுடி காதணியில் உரசினால் வெளிர்நிறத் தோலில் திட்டுத் திட்டாகக் கறுக்கும், அதை எடுக்க வழியில்லை. தினமும் எண்ணெய் வைப்பவர் என்று தெரிந்தால் கரும்பழுப்போ கறுப்போ சிபாரிசு செய்யுங்கள். குளிக்கும்போது கழற்ற வேண்டும். நனைந்தால் நிழலில் காய வைக்க வேண்டும், வெயிலிலோ அடுப்பங்கரையிலோ கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தால் பூசணம் பூக்கும். பருத்தித் துணிப் பையில் வைத்துக் கொடுங்கள்.

விலை எப்படிப் போடுவது?

நேரத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் பெரும்பாலோர் நஷ்டப்படக் காரணம். உதாரணத்துக்கு, ஒரு ஜோடிக்குப் பொருள் செலவு 40 ரூபாய், சேதாரம் 4, அட்டையும் பையும் 10, வேலை இரண்டரை மணி நேரம் மணிக்கு 80 வீதம் 200 என்று வைப்போம். அடக்கம் 254. கடையில் வைத்து விற்கக் கடைக்காரர் 30 சதவீதம் கேட்டால், பலர் 254 மேல் 30 சதவீதம் கூட்டி 330 என்று விலை போடுகிறார்கள். கடை எடுப்பது 330இல் 30 சதவீதம், அதாவது 99. கைக்கு வருவது 231, அடக்கத்துக்கும் கீழே. 254ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். 363 ரூபாய்தான் சரியான விலை.

எங்கே விற்கலாம்?

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில், குழுக்களின் பொருள்களுக்கான ‘மதி’ என்ற பெயரிலான விற்பனை வாய்ப்புகளையும் கண்காட்சிகளில் குழுக்களுக்கான அரங்குகளையும் கேளுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி போன்ற இடத்தில் 100 முதல் 200 ரூபாய்ச் சின்னக் காதணிகள் வேகமாகப் போகும், கழுத்து நகை தேங்கும். அதற்கு ஓசூர், பெங்களூரு பக்கம் பாருங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இது எந்த விலங்கின் தோல் என்று கேட்டால்?

ஆடா, மாடா, எருமையா என்பதை வாங்கும்போதே கேட்டு, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் பேனாவால் எழுதி வையுங்கள். வெட்டிய பிறகு பார்வைக்குச் சொல்வது கடினம். நகையின் அட்டையிலும் அதை அச்சிடுங்கள். சிலர் ஒரு தோலை அணிய மாட்டார்கள், சிலர் எதையுமே அணிய மாட்டார்கள். அவர்களுக்குக் கெட்டியான கேன்வாஸ் துணியை இரண்டாக ஒட்டி, அதே 24 துளைக் கணக்கில், காஜா தையல் அடித்தளத்தோடு செய்து கொடுக்கலாம்.